சின்ன வெள்ளை மாத்திரையும் சீட்டு இல்லாத டாக்டரும்: தவறாக மருந்து எழுதினால் யார் கேட்பது?

முக்கூடலில் என் சின்னம்மை பீடி சுற்றுகிறாள். மடியில் சுளகு, பக்கத்தில் நனைத்த இலை, கையில் கத்திரி. காலையில் உட்கார்ந்தால் கணக்கு முடிகிறவரை குனிந்த தலை நிமிராது. நாற்பது வயதிலேயே கழுத்து வலி, மணிக்கட்டு வலி எல்லாம் வந்துவிட்டது. பஸ் ஏறிப் போய் ஒரு டாக்டரைப் பார்த்தாள். ஓர் ஊசி, சின்னக் காகித உறையில் மூன்று நாளைக்கு மாத்திரை. சீட்டு கிடையாது, மாத்திரைக்கும் சேர்த்தே பீஸ். "எய்யா, கைராசிக்காரரு. ரெண்டே நாள்ல வலி போன எடம் தெரியலை" என்று என்னிடம் சொன்னாள். வலி திரும்பி வந்தபோதெல்லாம் அவளும் திரும்பிப் போனாள். இப்படியே ஒன்றரை வருஷம்.

அப்புறம் முகம் உருண்டது. "நல்லா சதை போட்டிருக்கியே" என்று தெருவே சந்தோஷப்பட்டது. கை கால் மட்டும் மெலிந்துகொண்டு வந்ததை யாரும் கவனிக்கவில்லை. சர்க்கரை ஏறி ஒருநாள் மயங்கி விழுந்த பிறகுதான் பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அங்கே இருந்த டாக்டரம்மா முகத்தைப் பார்த்ததுமே கேட்டார்: "இதுக்கு முன்னாடி என்ன மாத்திரை சாப்பிட்டுட்டு இருந்தீங்க?" சின்னம்மை சொன்ன பதில் இது: "சின்னதா, வெள்ளையா, வட்டமா இருக்கும்மா."

நான் பல வருஷமாக மெடிக்கலில் நிற்கிற பார்மசிஸ்ட். சின்னதாக, வெள்ளையாக, வட்டமாக இருக்கிற மாத்திரை என் கடை ரேக்கில் மட்டும் எத்தனையோ வகை கிடக்கிறது. இது ஸ்டீராய்டாகத்தான் இருக்க வேண்டும் என்று டாக்டரம்மா நினைத்தார், நானும் அப்படியே நினைத்தேன். ஆனால் யாரிடம் போய், எதைக் காட்டிப் புகார் சொல்வது? கையில் துண்டுக் காகிதம்கூட இல்லை.

தவறாக மருந்து கொடுக்கும் டாக்டரைக் கேள்வி கேட்க நம் நாட்டில் ஓர் ஏற்பாடு இருக்கிறது. நூறு வருஷத்துக்கு மேல் பழையது. பலருக்கு அது இருப்பதே தெரியாது. தெரிந்தவர்களோ அதையும் கோர்ட்டையும் போலீஸையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வார்கள். அதனால் அடியிலிருந்தே சொல்லிவிடுகிறேன்.

லைசென்ஸ் கொடுத்தவர்தான் பறிக்கவும் முடியும்

ஒரு லாரி டிரைவர் குடித்துவிட்டு ஓட்டி ஒருவரை இடித்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். நஷ்ட ஈட்டுக்கு ஒரு கோர்ட். கிரிமினல் வழக்குக்குப் போலீஸ். அவர் இனி வண்டி ஓட்டலாமா கூடாதா என்பதை முடிவு செய்ய ஆர்.டி.ஓ. மூன்றும் தனித்தனி வாசல். டாக்டர் விஷயமும் இப்படித்தான். ஆர்.டி.ஓ.வின் இடத்தில் இருப்பது மருத்துவக் கவுன்சில்.

எம்.பி.பி.எஸ். படித்து முடித்த உடனே ஒருவர் டாக்டர் ஆகிவிடுவதில்லை. மாநில மருத்துவக் கவுன்சிலின் பதிவேட்டில் பெயர் ஏற வேண்டும். பதிவு எண் வந்த பிறகுதான் மருந்து எழுதும் உரிமை வருகிறது. தமிழ்நாட்டில் இது 1914-ஆம் ஆண்டின் மதராஸ் மருத்துவப் பதிவுச் சட்டத்திலிருந்து நடந்துவருகிறது. தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில் சென்னை அரும்பாக்கத்தில் இருக்கிறது. தேசிய அளவில் முன்பு இந்திய மருத்துவக் கவுன்சில் இருந்தது. 2020 செப்டம்பர் 25 முதல் அந்த இடத்தில் தேசிய மருத்துவ ஆணையம் இருக்கிறது. அதற்குள் ஒழுக்கத்துக்கும் பதிவுக்கும் என்று தனி வாரியம் ஒன்று உண்டு.

டாக்டர்கள் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்ற விதிமுறைகள் 2002-இல் வந்தவை. 2023 ஆகஸ்ட் 2 அன்று ஆணையம் புது விதிகளைக் கொண்டுவந்தது. ஜெனரிக் பெயரில், அதாவது கம்பெனி வைத்த பெயரில் இல்லாமல் மருந்தின் பொதுப் பெயரில்தான் எழுத வேண்டும், இல்லாவிட்டால் தண்டனை என்று அதில் இருந்ததால் டாக்டர்கள் கொதித்துப் போனார்கள். மூன்றே வாரத்தில், ஆகஸ்ட் 23 அன்று, அந்த விதிகளை நிறுத்திவைத்துவிட்டுப் பழையபடி 2002 விதிகளே பொருந்தும் என்று சொல்லிவிட்டார்கள். ஆக, இன்று டாக்டரை அளக்கிற படி அந்தப் பழைய விதிகள்தான்.

சித்தா, ஓமியோபதி டாக்டர்களுக்கு வேறு கவுன்சில்கள் இருக்கின்றன. பாளையங்கோட்டை சித்த மருத்துவக் கல்லூரியில் படித்து வந்தவர் மேல் புகார் என்றால் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலுக்கு எழுதிப் பிரயோஜனம் இல்லை. போலி டாக்டர் என்றாலும் இல்லை. பதிவேட்டில் இல்லாதவரை எப்படி நீக்குவது? அவர்களைப் பற்றி மாவட்ட மருத்துவப் பணிகள் இணை இயக்குநருக்கும் போலீஸுக்கும்தான் சொல்ல வேண்டும். பதிவு இல்லாமல் ஆங்கில மருத்துவம் பார்த்தால் ஒரு வருஷம் வரை சிறை, ஐந்து லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும் என்று 2019-ஆம் ஆண்டின் தேசிய மருத்துவ ஆணையச் சட்டம் சொல்கிறது.

தவறு என்பது எது?

முதலில் எது தவறு இல்லை என்று பார்த்துவிடலாம். இந்த இடத்தில்தான் சண்டையே வருகிறது. மருந்து ஒத்துக்கொள்ளாமல் உடம்பெல்லாம் தடித்துப்போவது தன்னளவில் டாக்டரின் குற்றம் ஆகாது. குணமாகாமல் போவதும் ஆகாது. இரண்டு டாக்டர்கள் ஒரே காய்ச்சலுக்கு வேறு வேறு மருந்து எழுதினால் அதில் ஒருவர் குற்றவாளி என்று அர்த்தமில்லை. கவுன்சில் கேட்பது வேறு கேள்வி: இதே துறையில் இருக்கிற, நிதானமான இன்னொரு டாக்டர் இந்தச் சூழ்நிலையில் இப்படி எழுதியிருப்பாரா? எழுதியதற்குக் காரணம் சொல்ல முடியுமா? பென்சிலின் ஊசி போடுமுன் "முன்னாடி இது ஒத்துக்காமப் போயிருக்கா?" என்று கேட்டு, பதிலைக் குறித்துவைத்தவர் ஒரு பக்கம். கேட்காமலே போட்டவர் இன்னொரு பக்கம். நோயாளிக்கு வந்த விளைவு ஒன்றாகவே இருந்தாலும் இவர்கள் இரண்டு பேரும் ஒன்றல்ல.

சரி, எது தவறு? என் சின்னம்மை கதையிலேயே ஆரம்பிக்கலாம். 2002 விதிகளின் 7.8-ஆம் பிரிவு இதை நேராகவே சொல்கிறது: கண்டிப்பாகத் தேவை என்ற மருத்துவக் காரணம் இல்லாமல் ஸ்டீராய்டோ மனநல மருந்தோ எழுதுவது கடுமையான தொழில் ஒழுங்கீனம். அத்தனை மருந்துகள் இருக்கும்போது ஸ்டீராய்டைப் பேர் சொல்லிக் குறிப்பிட்டிருக்கிறார்கள் பாருங்கள். காரணம் இருக்கிறது.

ஸ்டீராய்டு கெட்ட மருந்து இல்லை. ஆஸ்துமா முற்றினவருக்கு, சில வாத நோய்களுக்கு, ஒவ்வாமையில் மூச்சு அடைத்தவருக்கு அதுதான் உயிர். ஆனால் எந்த வலியையும் எந்த வீக்கத்தையும் சீக்கிரம் அமுக்கிவிடும். பசி எடுக்கும், தெம்பு வந்த மாதிரி இருக்கும். "கைராசி" என்று நம் ஊரில் சொல்வதில் எத்தனை ராசி டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டுடையது என்று கணக்கெடுத்தால் சங்கடமாக இருக்கும். மாதக்கணக்கில் சாப்பிட்டால் சர்க்கரை ஏறும், பிரஷர் ஏறும், எலும்பு பொடியும், முகம் வீங்கி உருளும். இன்னொரு மோசமும் உண்டு. சிறுநீரகத்துக்கு மேலே உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பி உடம்புக்குத் தேவையான ஸ்டீராய்டைத் தானே சுரக்கிறது. வெளியிலிருந்து வந்துகொண்டே இருந்தால் அது தன் வேலையை நிறுத்திவிடும். அப்போது மாத்திரையைப் பட்டென்று விட்டால் ஆள் சுருண்டு விழுவார். இதைப் படித்துவிட்டு யாரும் வீட்டில் இருக்கிற ஸ்டீராய்டைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும், அதையும் டாக்டர் சொல்லித்தான் செய்ய வேண்டும்.

தோலுக்குப் போடுகிற ஸ்டீராய்டு களிம்பும் இதே ரகம். நம் வெயிலுக்கும் வேர்வைக்கும் படர்தாமரை எல்லா வீட்டிலும் உண்டு. ஸ்டீராய்டு கலந்த களிம்பைப் போட்டால் அரிப்பு உடனே அடங்கும், உள்ளே பூஞ்சை நன்றாக வேர்விடும். 2018 மார்ச்சில் இப்படிப்பட்ட 14 களிம்பு வகைகளைச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று மத்திய அரசு ஷெட்யூல் எச்-க்குள் கொண்டுவந்தது. "அண்ணாச்சி, அந்த மஞ்ச டியூப் ஒண்ணு" என்று கேட்கிறவர்கள் இன்னும் குறையவில்லை. நாங்கள் எல்லாரும் இல்லை என்று சொல்லிவிடுகிறோம் என்றும் நான் எழுதமாட்டேன்.

அடுத்தது காய்ச்சல். ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்ததும் மெடிக்கல் வாசலில் கூட்டம். வைரஸ் காய்ச்சலுக்கு ஆன்டிபயாட்டிக் வேலை செய்யாது. இது டாக்டருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனாலும் "பவரா ஒரு மாத்திரை எழுதுங்க" என்று நோயாளி கேட்கிறார். எழுதாமல் விட்டால் அடுத்த தெரு டாக்டரிடம் போய்விடுவார். இதனால்தான் கிருமிகள் மருந்துக்கு அடங்காமல் போகின்றன. 2024 ஜனவரியில் மத்திய சுகாதாரப் பணிகள் தலைமை இயக்குநரகம், ஆன்டிபயாட்டிக் எழுதும்போது எதற்காக எழுதுகிறோம் என்ற காரணத்தையும் சீட்டிலேயே குறிக்கும்படி டாக்டர்களைக் கேட்டுக்கொண்டது. அந்தக் காரணத்தோடு வந்த சீட்டை நான் விரல் விட்டு எண்ணிவிடுவேன்.

காய்ச்சலில் ஊசி விஷயத்தையும் சொல்ல வேண்டும். 2012-இல் கடையநல்லூர்ப் பக்கம் டெங்கு எப்படி அடித்தது என்று நம் பக்கத்துக்காரர்களுக்கு மறந்திருக்காது. டெங்கு இருக்கலாம் என்ற சந்தேகம் இருக்கும்போது டைக்ளோபெனாக், இபுபுரூபன் மாதிரி வலி மருந்துகளைத் தவிர்க்க வேண்டும், ரத்தக் கசிவு கூடும். பாராசிட்டமாலும் தண்ணீரும்தான் அடிப்படை. ஆனால் உடம்பு வலிக்கு ஊசி போடாத டாக்டரை "அவரு என்ன டாக்டரு" என்கிற ஊர் இது. கேட்டதைக் கொடுத்தேன் என்பது கவுன்சில் முன்னால் பதில் ஆகாது. எதைக் கொடுக்கலாம் என்று முடிவெடுக்கத்தான் அவருக்குப் பதிவு எண் கொடுத்திருக்கிறது.

போதைக்குப் போகிற மாத்திரைகள் தனி ஆபத்து. தூக்க மாத்திரை, பதற்றத்துக்கான மாத்திரை, கடும் வலிக்கான மாத்திரை எல்லாம் இதில் வரும். ஆளைப் பார்க்காமல், சோதிக்காமல் இவற்றை எழுதுவதும், வெறும் சீட்டில் கையெழுத்துப் போட்டுக் கடையில் கொடுத்துவைப்பதும் பதிவையே பறிக்கக்கூடிய தவறுகள். சட்டம் இங்கே கடைக்காரரையும் சேர்த்துப் பிடிக்கிறது. 2014 மார்ச் 1 முதல் ஷெட்யூல் எச் 1 என்று ஒரு பட்டியல் நடப்பில் இருக்கிறது. சில வலுவான ஆன்டிபயாட்டிக்குகள், காசநோய் மருந்துகள், பதற்றத்துக்கான அல்பிரசோலம் மாதிரி மாத்திரைகள் அதில் வரும். அதை விற்றால் எழுதிய டாக்டர் பெயர், விலாசம், நோயாளி பெயர், மருந்து, எண்ணிக்கை எல்லாவற்றையும் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று வருஷம் வைத்திருக்க வேண்டும். ஷெட்யூல் எக்ஸ் என்ற இன்னொரு பட்டியல் இன்னும் கறார். சீட்டே இரண்டு பிரதி வேண்டும், ஒன்றை நாங்கள் இரண்டு வருஷம் வைத்திருக்க வேண்டும். ஒரு டாக்டர் மேல் விசாரணை வந்தால் எங்கள் பதிவேடும் சாட்சிக்கு வரும்.

போனிலேயே மருந்து எழுதுவது 2020 மார்ச்சில் வந்த தொலைமருத்துவ வழிகாட்டுதலுக்குப் பிறகு சட்டப்படி செல்லும். ஆனால் எல்லா மருந்தும் அல்ல. ஷெட்யூல் எக்ஸ் மருந்துகளும் போதைப்பொருள் சட்டத்தில் வருகிறவையும் போனில் எழுதவே கூடாது. "வாட்ஸ்அப்ல டாக்டர் சொல்லிட்டாரு" என்று ஒரு பெயரை மட்டும் காட்டினால் அது சீட்டு ஆகாது. டாக்டரின் பெயர், பதிவு எண், கையெழுத்து எல்லாம் அதிலும் வேண்டும்.

தனக்குத் தெரியாத வைத்தியமுறையில் மருந்து எழுதுவதும் தவறு. மும்பையில் நடந்த ஒரு வழக்கு இதற்கு வழிகாட்டி. காய்ச்சல் வந்தவருக்கு ஓமியோபதி படித்த ஒருவர் வைரஸ் காய்ச்சல் என்றும் பிறகு டைபாய்டு என்றும் சொல்லி ஆங்கில மருந்து கொடுத்தார். அவர் இறந்துபோனார். 1996-இல் உச்ச நீதிமன்றம், தனக்குப் பயிற்சி இல்லாத முறையில் வைத்தியம் பார்ப்பதே கவனக்குறைவு என்று சொல்லி, இறந்த நோயாளியின் மனைவிக்கு மூன்று லட்சம் ரூபாய் கொடுக்க உத்தரவிட்டது.

கையெழுத்துப் புரியாமல் எழுதுவதும் இந்தக் கணக்கில்தான் வருகிறது என்பது பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். 2016-இல் திருத்திய விதிப்படி மருந்தின் ஜெனரிக் பெயரை, படிக்கிற மாதிரி, முடிந்தால் பெரிய எழுத்தில் எழுத வேண்டும். சங்கேத மொழி மாதிரி வருகிற சீட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, கடைசியில் டாக்டருக்கே போன் போட்ட நாள் எனக்கு நிறைய உண்டு. போன் எடுக்காத நாளில் மருந்து கொடுக்காமல் திருப்பி அனுப்பியிருக்கிறேன், திட்டும் வாங்கியிருக்கிறேன்.

மருந்து கம்பெனி ரெப் கொண்டுவருகிற பை

தவறான மருந்துக்குப் பின்னால் எப்போதும் அறியாமை இருக்கும் என்று நினைக்க வேண்டாம். சில நேரம் பரிசு இருக்கும். மருந்து கம்பெனியிடம் பரிசு, பயணச் செலவு, பணம் எதுவும் வாங்கக் கூடாது என்ற விதி 2009-இல் சேர்ந்தது. 2016-இல் தண்டனைக்கு அளவும் வைத்தார்கள். 1,000 ரூபாய்க்கு மேல் 5,000 வரை பரிசு வாங்கினால் கண்டனம். 10,000 வரை என்றால் மூன்று மாதம் பதிவேட்டிலிருந்து பெயர் நீக்கம். 50,000 வரை ஆறு மாதம், ஒரு லட்சம் வரை ஒரு வருஷம், அதற்கு மேல் போனால் ஒரு வருஷத்துக்கும் கூட. தீபாவளிக்கு ரெப் கொண்டுவருகிற அரைக் கிலோ அல்வா இந்தக் கணக்கில் ஏறாது, பயப்பட வேண்டாம்.

தங்கக் காசும் டிவியும் பிரிட்ஜும் ஏறும். ஒரு மருந்து கம்பெனி தன் சத்து மாத்திரையை எழுதவைக்க டாக்டர்களுக்கு இப்படிப்பட்ட பொருள்களைக் கொடுத்துவிட்டு, அந்தச் செலவை வருமான வரியில் கழித்துக் காட்டியது. 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அதை ஒப்புக்கொள்ளவில்லை. வாங்குவது டாக்டருக்குத் தடை என்றால் கொடுப்பது கம்பெனிக்கு மட்டும் எப்படி நியாயமான செலவாகும் என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். அந்தப் பரிசின் விலையும் மாத்திரை விலையில் ஏறி நோயாளி தலையில்தான் விழுகிறது என்பதையும் நீதிபதிகள் கவனித்தார்கள்.

புகார் கொடுத்தால் என்ன நடக்கும்?

மாநிலக் கவுன்சிலின் பதிவாளருக்கு எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். என்ன நடந்தது, எந்தத் தேதி, என்ன மருந்து என்று எழுதி, சீட்டு, பில், ஆய்வக ரிப்போர்ட் நகல்களைச் சேர்க்க வேண்டும். கவுன்சில் டாக்டருக்கு நோட்டீஸ் அனுப்பி விளக்கம் கேட்கும். விசாரணையில் டாக்டர் நேரிலோ வக்கீல் வைத்தோ தன் பக்கத்தைச் சொல்லலாம். தீர்ப்புச் சொல்கிறவர்களும் டாக்டர்களே. இதில் நியாயம் இருக்கிறது, மருந்தின் அளவு சரியா என்று வேறு யார் சொல்ல முடியும்? சந்தேகமும் இருக்கிறது. தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்பார்கள், இங்கே வாயும் வயிறும் ஒன்றாகிவிடுமோ என்ற பயம் எனக்கும் உண்டு.

தண்டனை எச்சரிக்கையில் ஆரம்பித்து, குறிப்பிட்ட காலத்துக்குப் பெயர் நீக்கம், நிரந்தரமாகப் பெயர் நீக்கம் வரை போகும். பெயரை நீக்கினால் அதைப் பத்திரிகையில் வெளியிட வேண்டும் என்றும் விதி இருக்கிறது. விசாரணை நடக்கும்போதே, புகாருக்குள்ளான அந்த ஒரு சிகிச்சையை மட்டும் செய்யக் கூடாது என்று தடுக்கவும் கவுன்சிலுக்கு அதிகாரம் உண்டு. ஆறு மாதத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்று எழுதியிருக்கிறது. எழுதியிருக்கிறது என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

கவுன்சில் நஷ்ட ஈடு வாங்கித் தராது, ஜெயிலுக்கும் அனுப்பாது. பணம் வேண்டுமென்றால் நுகர்வோர் ஆணையம், இரண்டு வருஷத்துக்குள் போக வேண்டும். காசு கொடுத்துப் பார்க்கும் வைத்தியம் நுகர்வோர் சட்டத்தில் வரும் என்று 1995-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. எல்லாருக்கும் இலவசமாகப் பார்க்கும் அரசு ஆஸ்பத்திரி அதில் வராது. கிரிமினல் வழக்கு என்றால் சாதாரணக் கவனக்குறைவு போதாது, மிக மோசமான கவனக்குறைவாக இருக்க வேண்டும் என்று 2005-இல் உச்ச நீதிமன்றம் வரம்பு போட்டது. கடை மேல் புகார் என்றால் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை.

இந்த வாசல்கள் ஒரே பதிலைச் சொல்லும் என்று எதிர்பார்க்கவும் கூடாது. கொல்கத்தாவில் 1998-இல் அனுராதா சாஹா என்ற பெண்ணுக்குத் தோலில் தடிப்பு வந்தது. நாள்கணக்கில் உடம்பில் தங்கி வேலை செய்யும் டெப்போ மெட்ரால் என்ற ஸ்டீராய்டு ஊசியை 80 மில்லிகிராம், ஒரு நாளைக்கு இரண்டு வேளை என்று எழுதினார்கள். வழக்கமாக ஒரு வாரம், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போடுகிற ஊசி அது. தோல் உரிந்து, கிருமி தாக்கி, அந்த வருஷம் மே மாதம் அவர் இறந்துபோனார். அவர் கணவரும் டாக்டர். புகாரை எடுத்துக்கொண்டு மாநிலக் கவுன்சிலுக்குப் போனார், டாக்டர்கள் மேல் தவறில்லை என்று பதில் வந்தது. அவர் விடவில்லை. 2009-இல் உச்ச நீதிமன்றம் கவனக்குறைவு நடந்தது என்று தீர்ப்புச் சொன்னது. 2013-இல் நஷ்ட ஈட்டை வட்டி நீங்கலாகவே சுமார் ஆறு கோடி ரூபாய் என்று முடிவு செய்தது. பதினைந்து வருஷம். கணவர் டாக்டராக இல்லாமல் இருந்து, "80 மில்லிகிராம், இரண்டு வேளை" என்று எழுதிய தாளும் இல்லாமல் இருந்திருந்தால், இந்த வழக்கு முதல் படியிலேயே நின்றிருக்கும் என்பது என் எண்ணம்.

மேல்முறையீட்டில் ஒரு கோணல் இருக்கிறது. 2002 விதிப்படி மாநிலக் கவுன்சில் முடிவில் மனக்குறை உள்ள யாரும் 60 நாளுக்குள் மேலே போகலாம். 2019 சட்டத்தின் 30-ஆவது பிரிவிலோ டாக்டர் மேல்முறையீடு செய்வது மட்டும்தான் எழுதப்பட்டிருக்கிறது. நோயாளியைப் பற்றிப் பேச்சே இல்லை. இதைச் சொல்லி நோயாளிகளின் மேல்முறையீடுகளைத் திருப்பி அனுப்பியதும் நடந்தது. தண்டனை கூடிவிட்டது என்று டாக்டர் மேலே போக வழி இருக்கிறது, தண்டனையே இல்லை என்று நோயாளி போக வழி அடைபடுகிறது. இது சரியில்லை.

சீட்டு

இப்போது சின்னம்மையின் காகித உறைக்கு வருகிறேன். டாக்டர் தன் நோயாளிக்குத் தானே மாத்திரை கொடுப்பது சட்டப்படி தவறில்லை. கிராமத்தில் மெடிக்கல் இல்லாத இடத்தில் அது உபகாரமும்தான். கடை மாதிரி திறந்து, மற்ற டாக்டர்கள் எழுதியதையும் விற்கக் கூடாது, அவ்வளவுதான். ஆனால் தானே கொடுத்தாலும், என்ன மருந்து என்ற பெயர் தெளிவாகத் தெரிய வேண்டும் என்று 2002 விதிகளிலேயே இருக்கிறது. சீட்டில் பதிவு எண் இருக்க வேண்டும், கிளினிக்கிலும் மாட்டியிருக்க வேண்டும். உள்நோயாளியாகச் சேர்ந்திருந்தால் மருத்துவப் பதிவுகளை மூன்று வருஷம் வைத்திருந்து, கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். கொடுக்க மறுப்பதே தனிக் குற்றம்.

ஒன்றரை வருஷத்தில் சின்னம்மைக்கு ஒரு சீட்டும் வரவில்லை என்பது அந்த டாக்டரின் முதல் தவறு. ஆனால் அதை நிரூபிக்கவும் காகிதம் இல்லை. நான் போய்க் கேட்டேன். "அவங்களா? கால்சியம் மாத்திரைதான் தம்பி கொடுத்தேன்" என்றார், சிரித்த முகமாக. நம்பவும் முடியவில்லை, மறுக்கவும் முடியவில்லை. நல்ல டாக்டருக்கும் இதே காகிதம்தான் துணை. என்ன பார்த்தேன், ஏன் எழுதினேன், என்ன எச்சரித்தேன் என்று நாலு வரி குறித்துவைத்தவர் எந்த விசாரணையிலும் நேராக உட்காரலாம்.

அதனால் உறையில் மாத்திரை கொடுத்தால் "பேர் எழுதிக் கொடுங்க" என்று கேளுங்கள். கூச்சமாக இருந்தால், வேறு டாக்டரிடம் காட்ட வேண்டியிருக்கும் என்று சொல்லிக் கேளுங்கள். மெடிக்கலில் "ஒரு செட்" என்று வாங்காமல் அட்டையோடு வாங்குங்கள், பில் கேளுங்கள். எங்கள் பில் எல்லாம் இப்போது வெப்பத்தில் அச்சாகிற தாள், ஒரு வருஷத்தில் வெள்ளையாகிவிடும். சீட்டையும் பில்லையும் அன்றைக்கே போனில் படம் எடுத்துவைத்துக்கொள்வது நல்லது. டாக்டரின் பதிவு எண்ணைத் தேசிய மருத்துவ ஆணையத்தின் இணையப் பதிவேட்டில் போட்டுப் பார்க்க ஒரு நிமிஷம்கூட ஆகாது.

சின்னம்மை இப்போது பரவாயில்லை. முகம் வடிந்துவருகிறது, சர்க்கரைக்கு மாத்திரை தனியாகப் போகிறது. ஹைகிரவுண்டில் கொடுத்த சீட்டைச் சுவரில் நாள்காட்டிக்குப் பக்கத்தில் ஒட்டிவைத்திருக்கிறாள். பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை இத்தனை நாளைக்கு ஒன்று, அப்புறம் முக்கால், அப்புறம் அரை என்று குறைத்துக்கொண்டு வருகிற கணக்கு அதில் இருக்கிறது. முடிந்த நாள்களை அவளே பேனாவால் அடித்துவைத்திருக்கிறாள். தாளின் அடியில் டாக்டரம்மாவின் சீல், பெயர், பதிவு எண்.